ஃப்ரீலான்ஸ் தேடலில் பெங்களூரு ஐடிக்காரர்கள் சறுக்கும் இடங்கள்

மாரத்தஹள்ளி, பெல்லந்தூர் பக்கம் நம்மூர் ஐடிக்காரர்கள் நாலு பேர் டீ குடிக்கச் சேர்ந்தால், வேலையை விட்டுவிட்டு ஃப்ரீலான்ஸ் பண்ணலாமா என்ற பேச்சு எப்படியும் வந்துவிடும். இறங்கியவர்களில் பலர் சிக்கிக்கொள்வது வேலை செய்வதில் இல்லை, தேடுவதில்தான். நௌக்ரி வேலைத் தளத்தில் ரெஸ்யூமைப் புதுப்பித்துவிட்டு ஹெச்ஆர் கூப்பிடுவார் என்று காத்திருந்த பழக்கம் இங்கேயும் கூடவே வருகிறது.

ஃப்ரீலான்ஸ் வேலை பிடிக்கும் அப்வொர்க் தளத்தில் பலர் அனுப்பும் கடிதத்தைப் பாருங்கள்: "ஜாவாவில் ஏழு வருட அனுபவம், ஸ்ப்ரிங் பூட், மைக்ரோசர்வீசஸ் எல்லாம் தெரியும், கடினமாக உழைப்பேன்." படிக்கும் கிளையன்ட்டுக்கு இதில் என்ன இருக்கிறது? அவருடைய கடைத் தளம் மெதுவாக இருக்கிறது, வாங்க வந்தவர்கள் பாதியில் ஓடிப்போகிறார்கள். அவருக்கு இப்படி எழுதலாம்: "உங்கள் தளத்தை மொபைலில் திறந்து பார்த்தேன். பணம் கட்டும் பக்கம் வர ஏழெட்டு நொடி ஆகிறது. படங்களைச் சுருக்காமல் அனுப்புவது முதல் காரணமாகத் தெரிகிறது. அதை மட்டும் இரண்டு நாளில் சரி செய்து தருகிறேன்." இப்படி எழுத அரை மணி நேரமாவது ஆகும். ஆகட்டும். அப்வொர்க்கில் விண்ணப்பிக்கவே 'கனெக்ட்ஸ்' என்ற டோக்கன்களைக் காசு கொடுத்து வாங்க வேண்டும். ஒரே கடிதத்தை நாற்பது பேருக்கு அனுப்பினால் பணமும் போகும், பதிலும் வராது.

அடுத்தது ரேட். மாதம் 1,20,000 ரூபாய் சம்பளம், 160 மணி நேர வேலை, ஆக மணிக்கு 750 ரூபாய் என்று கணக்குப் போடுகிறார்கள். இது தப்புக் கணக்கு. கிளையன்ட் தேடுவது, பேசுவது, இன்வாய்ஸ் அனுப்புவது, காசுக்குத் துரத்துவது எல்லாம் போக, பணம் வரும் மணிநேரம் பாதி தேறினாலே பெரிய விஷயம். 80 மணி நேரம் என்று வைத்தால் பழைய சம்பளத்தைத் தொடவே 1,500 ரூபாய் வேண்டும். கம்பெனி போட்டுவந்த பிஎஃப் பங்கு, குடும்ப மெடிக்கல் இன்சூரன்ஸ், லீவு, லேப்டாப், வேலையே வராத மாதங்கள் இதில் இன்னும் சேரவில்லை. எனவே 2,000 ரூபாய்க்குக் கீழே ஒத்துக்கொண்டால் உங்கள் சம்பளத்தை நீங்களே குறைத்துக்கொள்கிறீர்கள் என்றுதான் சொல்வேன். இன்னொன்று, வீட்டுக் கடன் வாங்கும் எண்ணம் இருந்தால் சம்பள ஸ்லிப் கையில் இருக்கும்போதே வாங்கிவிடுங்கள். சொந்தத் தொழில் என்றதும் வங்கிகள் பொதுவாக இரண்டு, மூன்று வருட வருமான வரிக் கணக்கைக் கேட்கும்.

'ரிமோட்' என்று போட்டிருந்தாலே எங்கிருந்தும் வேலை செய்யலாம் என்று அர்த்தமில்லை. வரி, சம்பளப் பட்டியல் காரணங்களால் பல அமெரிக்க நிறுவனங்கள் தங்கள் நாட்டுக்குள் இருப்பவர்களை மட்டுமே எடுக்கும். கடைசி வரி வரை படியுங்கள். நேரத்தையும் முதலிலேயே பேசிவிடுங்கள். சான் ஃபிரான்சிஸ்கோவில் காலை 10 மணி என்றால் கோடையில் நமக்கு இரவு 10.30, குளிர்காலத்தில் 11.30. தினமும் அந்த மீட்டிங் என்றால் குடும்பம் தாங்காது.

இப்போது பரவலாக நடக்கும் ஒரு மோசடியைக் கொஞ்சம் கவனியுங்கள். லிங்க்ட்இனில் ஒருவர் வருவார், பேச்சு இனிக்கும், சம்பளம் அதைவிட இனிக்கும். "கோட் பகிரும் கிட்ஹப் தளத்தில் இருக்கும் இந்த ப்ராஜெக்ட்டை ஓட்டிப் பார்த்து ஒரு பிழையைச் சரி செய்யுங்கள், அதுதான் டெஸ்ட்" என்பார். ப்ராஜெக்ட்டுக்கு வேண்டிய துணைக் கோப்புகளை இறக்கும் 'என்பிஎம் இன்ஸ்டால்' கட்டளையைக் கொடுத்த அந்த நொடியில் உள்ளே ஒளிந்திருக்கும் ஸ்கிரிப்ட் பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகளையும் கிரிப்டோ வாலட்டையும் அள்ளிக்கொண்டு போகும். தெரியாதவர் தரும் புரோகிராமைத் தனி விர்ச்சுவல் மெஷினில் (கணினிக்குள்ளேயே பிரித்து வைத்த இன்னொரு கணினி மாதிரி) மட்டும் ஓட்டுங்கள், ஆபீஸ் லேப்டாப்பில் வேண்டவே வேண்டாம். "டெபாசிட் கட்டினால் ப்ராஜெக்ட்" என்பவர்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. பணம் போய்விட்டால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அழையுங்கள்.

வேலையில் இருந்துகொண்டே ரகசியமாகச் செய்யலாம் என்பவர்கள் ஆஃபர் லெட்டரை எடுத்துப் படிக்க வேண்டும். போட்டி நிறுவனங்களுக்கும் வேலை பார்த்ததாகச் சொல்லி 2022-இல் விப்ரோ 300 பேரை நீக்கியது ஞாபகம் இருக்கும்.

வரி விஷயத்தில் ஒன்று மட்டும். வெளிநாட்டுப் பணம் ஜிஎஸ்டி கணக்கில் வராது என்று பலர் நினைக்கிறார்கள். பதிவு கட்டாயமாகும் ஆண்டுக்கு 20 லட்சம் வரம்பைப் பார்க்கும்போது அதுவும் சேரும். பதிவு செய்தபின் ஒவ்வொரு நிதியாண்டும் எல்யூடி என்ற உறுதிமொழிக் கடிதத்தைத் தாக்கல் செய்தால் ஏற்றுமதி இன்வாய்ஸில் வரி போட வேண்டாம். மறக்காமல் செய்யுங்கள், மீதியை ஆடிட்டர் பார்த்துக்கொள்வார்.

டாலர் மோகத்தில் உள்ளூரைக் கைவிடுவதும் நடக்கிறது. உங்களோடு வேலை பார்த்தவர் இன்று கோரமங்கலாவில் ஏதோ ஸ்டார்ட்அப்பில் டீம் லீடாக இருக்கலாம். முதல் ப்ராஜெக்ட் அங்கிருந்து கிடைக்கவே வாய்ப்பு அதிகம். உங்கள் வேலை எப்படி இருக்கும் என்று அவருக்கு ஏற்கெனவே தெரியும். ஆனால் உள்ளூர்க் கம்பெனிகள் பில் பாஸ் செய்ய இழுத்தடிக்கும். 30 சதவீதமாவது முன்பணம் வாங்குங்கள். ஆதாரும் பானும் வைத்து, சிறுதொழில்களுக்கான மத்திய அரசின் உத்யம் பதிவை இலவசமாகச் செய்துகொள்ளுங்கள், ஏஜென்டுக்குக் காசு கொடுக்காதீர்கள். பதிவு இருந்தால், எழுத்து ஒப்பந்தமே இருந்தாலும் 45 நாளுக்கு மேல் அவர்கள் பாக்கி வைக்கக்கூடாது. மீறினால் வட்டியோடு கேட்டு சிறுதொழில் பாக்கிகளை விசாரிக்கும் மாநில கவுன்சிலில் புகார் செய்யலாம். இதை வேலை தொடங்கும் முன்பே செய்ய வேண்டும். பணம் நின்ற பிறகு பதிவு செய்தால் பழைய பாக்கிக்கு உதவும் என்று நம்ப முடியாது.