கேமராவில் எடுத்த படங்களுக்கு போன் ஜிபிஎஸ் வைத்து இடம் ஏற்றுவது எப்படி

தனுஷ்கோடியில் படம் எடுத்தவர்களுக்கு இந்தத் தொல்லை தெரியும். இரண்டு பக்கமும் தண்ணீர், நடுவில் மணல், எல்லாப் படமும் ஒரே மாதிரி இருக்கும். இந்தப் பூநாரைக் கூட்டத்தை கோதண்டராமர் கோயில் பக்கம் எடுத்தோமா, அரிச்சல்முனைக்குப் போகும் வழியில் எடுத்தோமா என்று ஒரு மாதம் கழித்துக் கேட்டால் எனக்கே பதில் தெரியாது. போனில் எடுத்தால் இடம் தானாகவே ஏறிவிடும், ஆனால் என் பழைய கேமராவில் ஜிபிஎஸ் கிடையாது. அதனால் போனைச் சட்டைப்பையில் போட்டு வழித்தடத்தைப் பதிவு செய்யவிட்டு, வீட்டுக்கு வந்த பிறகு இரண்டையும் கோத்துவிடுகிறேன்.

ஆண்ட்ராய்டில் ஜிபிஎஸ்லாகர், ஓஎஸ்எம்ஆண்ட் என்ற இரண்டு ஆப்பில் எதுவும் போதும். பத்து வினாடிக்கு ஒரு புள்ளி என்று வையுங்கள், கோப்பு வகை ஜிபிஎக்ஸ், அதாவது போன வழியை நேரத்தோடு எழுதி வைக்கும் கோப்பு. கூகுள் டைம்லைன் இருக்கிறதே என்று நினைக்காதீர்கள், அது இந்த வேலைக்குத் தோராயமானது. முக்கியமான விஷயம், அந்த ஆப்புக்கு பேட்டரி சேமிப்பிலிருந்து விலக்குக் கொடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் திரை அணைந்த கொஞ்ச நேரத்தில் போன் அதைச் சத்தமில்லாமல் நிறுத்திவிடும். சிக்னல் இல்லையே என்ற கவலை வேண்டாம், ஜிபிஎஸ்ஸுக்கு டவர் தேவையில்லை. ராமேஸ்வரத்திலேயே ஜிபிஎஸ் நம் இருப்பிடத்தைக் கண்டுபிடித்ததும் ஏரோபிளேன் மோடு போட்டுக்கொண்டு கிளம்பினால் சார்ஜ் சாயங்காலம் வரை தாங்கும்.

சரி, இனிமேல்தான் விஷயமே இருக்கிறது. படத்தையும் வழித்தடத்தையும் கோக்கும் மென்பொருளுக்கு உங்கள் படத்தில் பூநாரை இருக்கிறதா புறா இருக்கிறதா என்று தெரியாது; படத்தில் பதிந்திருக்கும் நேரத்தை எடுத்து, அந்த நேரத்தில் போன் எங்கே இருந்தது என்று பார்க்கும், அவ்வளவுதான். கேமரா கடிகாரமோ மாதக்கணக்கில் மெல்ல மெல்ல விலகிக்கொண்டே போகும். பைக்கில் நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் போனால் ஒரு நிமிடத்தில் 650 மீட்டருக்கு மேல் கடந்துவிடுவோம், ஆக இரண்டு நிமிடப் பிசகு என்றால் படம் ஒரு கிலோமீட்டருக்கு மேல் தள்ளிப்போய் உட்காரும்.

இதற்கு ஒரு சுலபமான வழி. காலையில் முதல் படமாக, வினாடி தெரியும்படி போன் கடிகாரத்தையே கேமராவில் ஒரு படம் எடுத்துவிடுங்கள். போன் திரையில் 6:12:35, ஆனால் அந்தப் படத்தில் கேமரா பதிந்த நேரம் 6:14:52 என்றால், கேமரா 2 நிமிடம் 17 வினாடி முந்தியிருக்கிறது. மறந்துவிட்டால் வீடு திரும்பக் கிளம்பும் முன் எடுத்தாலும் பரவாயில்லை.

வீட்டில் நான் பயன்படுத்துவது டிஜிகேம் என்ற கணினி மென்பொருள், இலவசம். முதலில் படங்களை வேறு இடத்தில் ஒரு நகல் எடுத்து வையுங்கள். பிறகு எல்லாப் படத்தையும் தேர்ந்தெடுத்து, நேரம் திருத்தும் கருவியில் அந்த 2:17-ஐக் கழித்துவிடுங்கள். அப்புறம் ஐட்டம் மெனுவில் எடிட் ஜியோலொகேஷன், அதில் ஜிபிஎஸ் கோரிலேட்டர். ஜிபிஎக்ஸ் கோப்பை ஏற்றுங்கள், கேமராவின் நேர மண்டலம் +5:30 என்று கொடுங்கள்.

இந்த +5:30-இல்தான் நான் முதல் தடவை மாட்டினேன். ஜிபிஎக்ஸ் கோப்பில் நேரம் எப்போதும் உலகப் பொது நேரத்தில் இருக்கும், கேமராவோ நம்மூர் நேரத்தில் எழுதுகிறது. நான் மண்டலத்தைக் கவனிக்காமல் விட்டதால், அரிச்சல்முனையில் காலை 6:40-க்கு எடுத்த படத்துக்கு மதியம் 12:10-இன் இடம் ஏறிவிட்டது. அந்த நேரத்தில் நான் மண்டபம் ஊரில் மீன் சாப்பாட்டுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தேன். வரைபடத்தில் பார்த்தால் மொத்தப் பறவைக் கூட்டமும் ஓட்டல் வாசலில் நிற்கிறது!

இடைவெளியை நிரப்பும் இன்டர்போலேட் வசதியை யோசித்துப் போடுங்கள். பதிவு நடுவில் அறுந்துபோயிருந்தால் இரண்டு முனைக்கும் நேர்கோடு போட்டுக் கணக்கிடும், நம் கரையோ வளைந்து வளைந்து போவது, ஆக கரையில் நின்று எடுத்த படம் கடலுக்குள் விழும். காரங்காட்டில் படகில் போய் எடுத்த படம் தண்ணீரில் விழுந்தால் சரிதான், தேவிபட்டினத்துக் கடைத்தெருவில் எடுத்த படம் தண்ணீரில் விழுந்தால் பதிவு அறுந்திருக்கிறது என்று அர்த்தம். அதிகபட்ச இடைவெளியை ஒரு நிமிடம் என்று வைத்தால் சந்தேகமான படங்கள் இடமில்லாமலே நிற்கும், அவற்றைக் கையால் வைத்துக்கொள்ளலாம்.

சேமிக்கும் முன் வரைபடத்தில் உங்களுக்கு நிச்சயமாகத் தெரிந்த ஒரு படத்தைப் பாருங்கள். நான் தனுஷ்கோடி தேவாலய இடிபாட்டைப் பார்ப்பேன், புள்ளி அதன் மேலேயே விழுந்தால் மற்றவையும் சரி.

ஒன்று மட்டும். பறவைக் கூடு இருக்கும் படத்தை வெளியே கொடுப்பதாக இருந்தால் இடத்தை அழித்துவிட்டுக் கொடுங்கள். வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பினால் இடம் தானாக உதிர்ந்துவிடும், டாக்குமென்டாக அனுப்பினால் அப்படியே போய்ச் சேரும். அப்படித்தான் ஒருமுறை என் வீட்டு மொட்டைமாடியில் எடுத்த மைனா படத்தோடு என் வீட்டு முகவரியும் நாற்பது பேர் இருக்கும் குழுவுக்குப் போனது.