படகில் ஸ்டார்ட்டர் சுற்றாத நான்கு நாள்

பழைய மோட்டார் படகில் உளுத்த தரைப்பலகைகளை மாற்றி மெரைன் பிளைவுட் போட்டு முடித்ததும் ஸ்டார்ட்டர் சுற்ற மறுத்தது. ‘டிக்’ என்ற சத்தம் மட்டும். பேட்டரியில் 12.6 வோல்ட் இருந்தது. இருந்தும் புதிய பேட்டரி வாங்கினேன், வீண். ஸ்டார்ட்டருக்கு மின்சாரத்தைத் திறந்துவிடும் சுவிட்சான சொலினாய்டை மாற்றியதும் வீண்.

கடைசியில் மல்டிமீட்டரின் ஒரு கம்பியைப் பேட்டரியின் நெகட்டிவ் முனையிலும் மற்றதை எஞ்சின் உடலிலும் வைத்து, தம்பியைச் சாவி திருகச் சொன்னேன். 3 வோல்ட்! இரண்டையும் இணைக்கும் கேபிளில் அவ்வளவு வீணாகிறது; அரை வோல்ட்டே அதிகம். அந்தக் கேபிளின் உறை புதிதுபோல் பளபளத்தது. ஆனால் லக் (கேபிள் நுனியில் உள்ள உலோக முனை) அருகே விரல் நீளத்துக்கு லேசாக உப்பியிருந்தது. கீறினால் உள்ளே பச்சைப் பொடி. அடித்தட்டில் தேங்கிய உப்புநீரைத் திரிபோல உறிஞ்சியிருக்கிறது. வெள்ளீயம் பூசிய செம்புக் கேபிள் போட்டு, லக்கை இறுக்கி நசுக்கி, உள்ளே பசையுள்ள, சூடாக்கினால் சுருங்கும் குழாயால் மூடினேன். முதல் திருகலிலேயே எஞ்சின் பிடித்தது. அப்பாடா! அடுத்த வேலையாகப் படகின் மெத்தைகளைத் தைக்கக் கொடுத்துவிட்டேன்.