இந்த வாரக் கடைக்குப் பொறுப்போடு போய்வருவது எப்படி?

சுற்றுச்சூழலுக்குக் கேடில்லாமல் பொருள் வாங்க ஆசைப்படுபவர்கள் பலரும் முதலில் விலை அதிகமான 'ஆர்கானிக்' கடையைத் தேடிப் போகிறார்கள். அது அவசியமில்லை. வழக்கமாக வாங்கும் காய், மாவு, கறியிலேயே ஆரம்பிக்கலாம்.

படி 1: பிரிட்ஜைத் திறந்து பாருங்கள்

அடித்தட்டில் வாடும் கத்தரிக்காயும் பாதிக் கட்டுக் கீரையும் தீரட்டும். மீதி என்ன தேவையோ அதை மட்டும் சீட்டில் எழுதுங்கள். காய் அழுகினால் அதற்குப் பாய்ச்சிய தண்ணீர், லாரிக்கு ஊற்றிய டீசல் எல்லாமே வீண்.

படி 2: பை

புதுசு வாங்காதீர்கள். கல்யாண வீடுகளில் கொடுத்த தாம்பூலப் பைகள் பீரோவில் கிடக்கும். துணிப்பை செய்யவும் பருத்தியும் தண்ணீரும் நிறையச் செலவாகின்றன. கிழியும்வரை பயன்படுத்தினால்தான் பலன். இரண்டை மடித்து வண்டி சீட்டுக்கு அடியிலேயே வைத்துவிடுங்கள்.

படி 3: பாத்திரம்

தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் 14 வகைப் பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தடை இருக்கிறது. ஆனாலும் மாவும் கறியும் பல கடைகளில் இன்னும் கவரில்தான் வருகின்றன. இங்கேதான் நம்மால் நிறையச் செய்ய முடியும்.

முதல் தடவை நான் எவர்சில்வர் டப்பாவை நீட்டியபோது கறிக்கடை அண்ணன் தயங்கினார். டப்பாவின் எடையும் சேர்ந்துவிடுமே என்றார். அதற்கு வழி எளிது. காலி டப்பாவை மின்னணுத் தராசில் வைத்து 'டேர்' பட்டனை அழுத்தச் சொல்லுங்கள். எடை பூஜ்ஜியத்துக்கு வந்துவிடும். அப்புறம் கறியைப் போட்டால் கறியின் எடை மட்டுமே தெரியும். வாய் அகலமான டப்பாவாக எடுங்கள். அவருக்குக் கை நிற்காமல் வேலை ஓடும். ஞாயிற்றுக்கிழமை கூட்டம் சேருமுன் போய்விடுங்கள். நாலாவது வாரம் நான் கேட்காமலே அவர் டப்பாவை வாங்கித் தராசில் வைத்தார். அன்று எனக்கு அவ்வளவு சந்தோஷம்!

படி 4: காசு யாருக்குப் போகிறது?

பக்கத்தில் உழவர் சந்தை இருந்தால் காலையிலேயே போங்கள். 1999-ல் மதுரையில் தொடங்கிய திட்டம் இது. இடைத்தரகர் இல்லாமல் விவசாயியே விற்பதால் நாம் கொடுக்கும் பணம் நேராக அவர் கைக்குப் போகிறது. அன்றைய விலையும் பலகையில் இருக்கும்.

நடைபாதையில் கீரை விற்கும் அம்மாவிடம் ஐந்து ரூபாய்க்குப் பேரம் பேச வேண்டாம். சூப்பர் மார்க்கெட்டில் பாக்கெட்டில் அச்சடித்த விலையை மறுபேச்சில்லாமல் கொடுக்கிறோமே!

படி 5: பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள்

சதுரத்துக்குள் இருக்கும் பச்சைப் புள்ளி சைவ உணவு என்பதை மட்டுமே சொல்கிறது. பலர் அதை இயற்கைப் பொருளுக்கான முத்திரை என்று நம்பி வாங்குகிறார்கள். இயற்கை விளைபொருள் பாக்கெட்டில் அதற்குச் சான்றளிக்கும் அரசு முத்திரையைத் தேடுங்கள். தன் விளைச்சலைத் தானே நேரடியாக விற்கும் சிறு விவசாயிக்கு அந்தச் சான்றிதழ் கட்டாயமில்லை. அவரிடம் முத்திரை கேட்காமல், எந்த ஊர், என்ன உரம் போட்டீர்கள், பூச்சிக்கு என்ன செய்தீர்கள் என்று கேளுங்கள். ஆசையாகச் சொல்வார், நின்று கேளுங்கள்.