ஈஸ்ட் பெருக்கம்: கண்டறிவதிலும் மருந்து எடுப்பதிலும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நம் வாயிலும் குடலிலும் தோல் மடிப்புகளிலும் பெண்களின் பிறப்புறுப்புப் பாதையிலும் கேண்டிடா என்னும் ஈஸ்ட் வகைப் பூஞ்சை சிறிதளவில் குடியிருப்பது இயல்பு. அங்கேயே வாழும் நன்மை செய்யும் பாக்டீரியாக்களும், உடலின் எதிர்ப்பாற்றலும், கிழிசலோ புண்ணோ இல்லாத தோலும் சளிப்படலமும் சேர்ந்து அதை அளவுக்குள் வைத்திருக்கின்றன. இவற்றில் ஏதேனும் ஒன்று தளரும்போது அது பெருகி, உருண்டை வடிவிலிருந்து நீண்ட இழை வடிவுக்கு மாறித் திசுவுக்குள் நுழைந்து, அரிப்பையும் எரிச்சலையும் புண்ணையும் உண்டாக்குகிறது. ஆகவே ஈஸ்ட் தொற்று வந்தவர் மருந்தைத் தேடும்போதே, உடலில் எது தளர்ந்ததால் இது வந்தது என்பதையும் சேர்த்துத் தேட வேண்டும். இந்த இரண்டாவது தேடலை விட்டுவிடுவதால்தான் பலருக்கு இத்தொற்று போவதும் வருவதுமாக ஆண்டுக்கணக்கில் நீடிக்கிறது.

ஆய்வக அறிக்கையைப் பார்த்துக் கலங்குவது

மலத்திலோ சளியிலோ கேண்டிடா காணப்பட்டது என்று அறிக்கை வந்ததும் பூஞ்சை மருந்து கேட்டு அலைபவர்கள் உண்டு. ஆரோக்கியமாக இருப்பவர்களில் பலருடைய குடலிலும் கேண்டிடா இருப்பதால், மலத்தில் அது வளர்ந்தது என்பதை மட்டும் வைத்து நோய் என்று முடிவு கட்ட முடியாது. சிறுநீர்க் குழாய் பொருத்தப்பட்ட முதியவர்களின் சிறுநீரில் அது வளர்வதும் சாதாரணமே. தொந்தரவு எதுவும் இல்லையென்றால் அந்தக் குழாயை அகற்றுவதே பெரும்பாலும் போதுமானது. எதிர்ப்பாற்றல் மிகக் குறைந்தவர்களும், மிகக் குறைந்த எடையில் பிறந்த குழந்தைகளும், சிறுநீர்ப் பாதையில் அறுவைச் சிகிச்சை செய்துகொள்ளவிருப்பவர்களும் இதற்கு விதிவிலக்கு. இரத்தத்தில் கேண்டிடா வளர்ந்தால் மட்டும் நிலைமை முற்றிலும் வேறு. அதை ஒருபோதும் தற்செயலான கலப்பு என்று ஒதுக்கக் கூடாது. தீவிர சிகிச்சைப் பிரிவில் நாட்கணக்கில் இருப்பவர்களுக்கும், பெரிய இரத்தக் குழாயில் ஊசிக்குழாய் பொருத்தப்பட்டவர்களுக்கும் வரும் அந்தத் தொற்று உயிரைப் பறிக்கக் கூடியது. 2009ல் ஜப்பானில் ஒரு நோயாளியின் காதிலிருந்து எடுத்து முதன்முதலில் விவரிக்கப்பட்ட கேண்டிடா ஆரிஸ் என்னும் வகை, பல மருந்துகளுக்கு மசியாமல் இந்திய மருத்துவமனைகளிலும் காணப்படுகிறது. உலக சுகாதார நிறுவனம் 2022ல் வெளியிட்ட பூஞ்சைப் பட்டியலில் அது மிக அவசரக் கவனம் தேவைப்படும் பிரிவில் இடம்பெற்றது.

உடல் முழுவதும் ஈஸ்ட் என்னும் நம்பிக்கை

சோர்வு, மறதி, தலைவலி, வயிற்று உப்புசம், இனிப்பின் மீது தீராத ஆசை, மனச்சோர்வு என எல்லாவற்றுக்கும் குடலில் பெருகிய ஈஸ்டே காரணம் என்னும் கருத்து 1980களில் அமெரிக்காவில் பரவி, இன்று நம் கைப்பேசியில் ஓடும் தமிழ்க் காணொளிகள் வரை வந்து சேர்ந்திருக்கிறது. அமெரிக்க ஒவ்வாமை மருத்துவர்களின் அமைப்பு 1986லேயே இக்கருத்து நிரூபிக்கப்படாதது என்று அறிவித்தது. 1990ல் வெளியான ஓர் ஆய்வில், இத்தகைய தொந்தரவுகள் இருப்பதாகச் சொன்ன 42 பெண்களுக்கு நிஸ்டாட்டின் என்னும் பூஞ்சை மருந்தையும் மருந்தே இல்லாத வெற்று மாத்திரையையும் மாற்றி மாற்றிக் கொடுத்துப் பார்த்தார்கள். பிறப்புறுப்பில் இருந்த அரிப்பு மருந்தால் குறைந்தது. சோர்வும் மனச்சோர்வும் வெற்று மாத்திரையாலும் அதே அளவுக்குத்தான் குறைந்தன.

காலையில் எழுந்ததும் ஒரு டம்ளர் தண்ணீரில் எச்சிலைத் துப்பி, சற்று நேரம் கழித்து அது இழை இழையாகக் கீழிறங்கினால் உடலில் ஈஸ்ட் பெருகிவிட்டது என்று சொல்லப்படும் சோதனைக்கும் எந்த அடிப்படையும் இல்லை. எச்சிலில் இயல்பாகவே உள்ள வழுவழுப்பான புரதங்கள் தண்ணீரில் அப்படித்தான் இறங்கும். முந்தைய இரவு குறைவாகத் தண்ணீர் குடித்தவரின் எச்சில் இன்னும் கெட்டியாக இறங்கும்.

இந்த நம்பிக்கையோடு சேர்ந்து வருவது உணவுத் தடை. ஈஸ்ட் என்ற பெயர் பொதுவாக இருப்பதால், புளித்த இட்லி மாவு, தயிர், ரொட்டி, பழங்கள் அனைத்தையும் ஒதுக்கச் சொல்கிறார்கள். ரொட்டி மாவைப் பொங்க வைக்கும் ஈஸ்ட் கேண்டிடா அன்று, அது வேறு இனம். இட்லி மாவைப் புளிக்கவைத்துப் பொங்கச் செய்வதில் பெரும்பங்கு லாக்டிக் அமில பாக்டீரியாக்களுடையது. சர்க்கரையைக் குறைப்பது எல்லோருக்கும் நன்மையே என்றாலும், சர்க்கரை நோய் இல்லாத ஒருவர் பழத்தையும் தோசையையும் விட்டுவிடுவதால் கேண்டிடா ஒழியும் என்பதற்கு நம்பத்தக்க சான்று இல்லை. எனக்கு மிகவும் கவலை தருவது, இந்த உணவுத் தடையில் கழியும் மாதங்கள். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டுப் பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு இரத்தசோகை இருக்கிறது. படியேறினால் மூச்சு வாங்கி, பகலெல்லாம் அசதியாக இருக்கும் ஒரு பெண்ணுக்கு முதலில் வேண்டியது ஹீமோகுளோபின், தைராய்டு, சர்க்கரை அளவுப் பரிசோதனைகள். அவரை ஈஸ்ட் பத்தியத்தில் உட்காரவைத்தால் அசதியும் தீராது, இரும்புச் சத்தும் இன்னும் குறையும்.

வெள்ளைப்படுதல் எல்லாமே ஈஸ்ட் என்று எண்ணுவது

பெண்களில் நான்கில் மூவருக்கு வாழ்நாளில் ஒரு முறையாவது பிறப்புறுப்பில் கேண்டிடா தொற்று வருகிறது. இத்தனை பரவலாக இருப்பதால்தானோ என்னவோ, எந்த வெள்ளைப்படுதலையும் அந்தக் கணக்கில் சேர்த்துவிடுகிறோம். மாதவிடாய்ச் சுழற்சியின் நடுவில் நிறமின்றி வழவழப்பாகவும், மாதவிடாய்க்கு முன் சற்றுக் கெட்டியாகவும் வரும் கசிவு, அரிப்பும் வாடையும் இல்லாத வரை உடலின் இயல்பான செயலே. எலும்பு உருகி வெளியேறுகிறது என்றும் உடல்சூடு என்றும் சொல்லி, வயதுக்கு வந்த பெண்பிள்ளைகளை அச்சுறுத்தும் வழக்கம் இன்னும் பல வீடுகளில் இருக்கிறது. அந்தப் பிள்ளைக்குத் தேவை மருந்து அன்று, இது இயல்பு என்று அம்மாவோ பாட்டியோ சொல்லும் ஒரு விளக்கம்.

கேண்டிடா தொற்றின் முதன்மை அடையாளம் கடுமையான அரிப்பு. சிறுநீர் படும்போது வெளிப்புறத்தில் எரிச்சலும், சிவந்து வீங்கிய தோலில் சிறு வெடிப்புகளும், திரிந்த பால் போன்ற கசிவும் அதனுடன் சேரலாம். துர்நாற்றம் பொதுவாக இருக்காது. மீன் வாடையுடன் சாம்பல் நிறத்தில் நீர்த்து வந்தால் அது பாக்டீரியாச் சமநிலை குலைந்ததன் அடையாளம். மஞ்சள் பச்சையாக நுரைத்து வந்தால் பாலுறவால் பரவும் வேறொரு கிருமியைச் சந்தேகிக்க வேண்டும். இவற்றுக்கான மருந்துகள் வேறு வேறு. அறிகுறிகளை வைத்துத் தாமே முடிவு செய்வது எவ்வளவு தவறிப் போகிறது என்பதை 2002ல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. ஈஸ்ட் தொற்று என்று தாமே தீர்மானித்து மருந்து வாங்கிய 95 பெண்களைப் பரிசோதித்தபோது, அவர்களில் மூன்றில் ஒரு பங்கினருக்குத்தான் அது மட்டும் இருந்தது.

உறுதிசெய்யும் வழியோ மிக எளியது. மருத்துவர் பஞ்சுக்குச்சியால் சிறிது கசிவை எடுத்து, கண்ணாடித் தகட்டில் வைத்து, ஒரு சொட்டுப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலை விடுகிறார். அது மற்ற செல்களைக் கரைத்துவிடும். நுண்ணோக்கியில் பார்த்தால் கரையாமல் எஞ்சிய ஈஸ்ட் மொட்டுகளும் நீண்ட இழைகளும் தெளிவாகத் தெரியும். கசிவின் அமிலத்தன்மையை அளக்கும் தாளில் பிஎச் அளவு 4.5 வரை இருந்தால் அது கேண்டிடாவுடன் பொருந்தும், அதற்கு மேலே சென்றால் வேறு காரணத்தைத் தேட வேண்டும். மாதவிடாய் நின்ற பிறகு புதிதாகக் கசிவு வருவதையும், இரத்தம் கலந்து வருவதையும், உறவுக்குப் பின் இரத்தக் கறை படுவதையும் ஈஸ்ட் என்று தள்ளிவிடவே கூடாது. கருப்பைவாய்ப் புற்றுநோயும் இப்படித்தான் முதலில் தென்படக்கூடும்.

அரிப்பு வந்ததும் கிருமிநாசினி, நறுமணக் கழுவு திரவம், வேப்பிலை நீர், பூண்டு, தயிர் என எதையாவது உட்புறம் செலுத்திக் கழுவுவதும் தவறு. காக்கும் பாக்டீரியாக்களும் அதில் அடித்துச் செல்லப்படுகின்றன, ஏற்கெனவே புண்ணான தோல் மேலும் எரிகிறது. வெளிப்புறத்தை வெறும் தண்ணீரால் கழுவி ஈரம் போகத் துடைப்பதே போதும்.

மருந்துக்கடையில் நடப்பவை

ஃப்ளூகோனசோல் என்னும் பூஞ்சை மருந்து, 150 மில்லிகிராம் அளவில், ஒரே மாத்திரையில் பல பெண்களுக்குக் குணம் தருகிறது என்பது உண்மை. அதனாலேயே அது தீங்கற்றது என்று எண்ணிவிடக் கூடாது. இரத்தம் உறையாதிருக்க வார்ஃபரின் எடுப்பவருக்கு அது இரத்தக் கசிவை உண்டாக்கலாம், சில சர்க்கரை மாத்திரைகளுடன் சேர்ந்தால் சர்க்கரையை ஆபத்தான அளவுக்குத் தாழ்த்தலாம், வலிப்புக்கான ஃபெனிடாயினின் அளவை இரத்தத்தில் உயர்த்தலாம். கர்ப்பிணிகளுக்கு மாத்திரையைத் தவிர்த்து, ஏழு நாட்களுக்கு உள்ளே வைக்கும் மருந்து அல்லது களிம்பையே பரிந்துரைக்கிறார்கள். வேறு என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள் என்று கேட்காமல் கொடுக்கப்படும் பூஞ்சை மாத்திரையை வாங்காமல் வருவதே நல்லது.

ஸ்டீராய்டு கலந்த களிம்பு இன்னொரு பெருந்தவறு. பூஞ்சை மருந்தும் ஆண்டிபயாடிக்கும் வீரியமான ஸ்டீராய்டும் ஒரே குழலில் வருவதைத் தொடை இடுக்கில் தடவினால் இரண்டே நாளில் அரிப்பு அடங்கும். அடங்குவது உடலின் எதிர்ப்புதான், பூஞ்சை உள்ளே பரவிக்கொண்டிருக்கும். நிறுத்தியதும் முன்னிலும் அகலமாகத் திரும்பும். மாதக்கணக்கில் தடவினால் தோல் மெலிந்து, நிரந்தரக் கோடுகள் விழும். 2018ல் மத்திய அரசு ஸ்டீராய்டுக் களிம்புகளை மருந்துச்சீட்டின்றி விற்கக் கூடாதவற்றில் சேர்த்த பின்னும் கேட்டவர்களுக்கெல்லாம் அவை கிடைப்பது வருத்தத்துக்குரியது. இடுக்கில் வருவது எல்லாமே ஈஸ்டும் அன்று. வட்டமாக விளிம்பு தடித்து, நடுவில் தெளிந்து பரவினால் அது படர்தாமரை. அடர்சிவப்பாக ஈரம் கசிந்து, சுற்றிலும் சிறு கொப்புளங்கள் சிதறியிருந்தால் கேண்டிடாவாக இருக்க வாய்ப்பு அதிகம். முதுகிலும் மார்பிலும் வரும் தேமல் மலாசீசியா என்னும் மற்றொரு ஈஸ்டால் வருவது. அது கொழுப்பை உண்டு வாழ்வதால், தேமல் உள்ளவர் உடம்பில் எண்ணெய் பூசுவது பொருந்தாது. சிகிச்சைக்குப் பின் நிறம் திரும்பச் சில மாதங்கள் ஆகும் என்பதை அறியாமல், மருந்து வேலை செய்யவில்லை என்று மாற்றிக்கொண்டே போகத் தேவையில்லை.

சர்க்கரையைப் பார்க்காமல் விடுவது

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் துணையுடன் நடந்து 2023ல் வெளியான ஆய்வு, தமிழ்நாட்டில் வயது வந்தோரில் 14.4 விழுக்காட்டினருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாகக் கணித்தது. மீண்டும் மீண்டும் வரும் பிறப்புறுப்புத் தொற்றோ, ஆண்குறியின் முன்தோல் சிவந்து வெடிப்பதோ பலருக்குச் சர்க்கரை நோயின் முதல் அறிவிப்பாக அமைகிறது. ஆண்களுக்கு இது வராது என்று நினைத்தும், வெட்கப்பட்டும், தோல் இறுகிச் சிறுநீர் கழிக்க முடியாத நிலை வரை மறைப்பவர்கள் இருக்கிறார்கள். டபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் ஆகிய சர்க்கரை மருந்துகள் குளுக்கோஸைச் சிறுநீர் வழியே வெளியேற்றுவதால், அந்த இடத்தில் ஈஸ்ட் வளர வாய்ப்பு கூடுகிறது. இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் அவை தரும் பாதுகாப்பு பெரிது. ஆகையால் அரிப்பு வந்ததும் தாமாக நிறுத்திவிடாமல் மருத்துவரிடம் சொல்ல வேண்டும், சிறுநீர் கழித்த பின் கழுவி உலர்த்தும் பழக்கத்தையும் கொள்ள வேண்டும்.

வாயில் வரும் வெள்ளைப் படலம்

வாயில் கேண்டிடா படிந்த வெள்ளைப் படலத்தைத் துணியால் மெல்லத் துடைத்தால் பெரும்பாலும் பெயர்ந்து வரும், அடியில் சிவந்திருக்கும். துடைத்தும் போகாத வெள்ளைத் திட்டு, அதிலும் வெற்றிலையுடன் புகையிலை போடுபவரின் கன்னத்தின் உட்புறத்தில் இருப்பது, புற்றுநோய்க்கு முந்தைய மாற்றமாக இருக்கக் கூடும். அதைப் பூஞ்சை என்று எண்ணி வாய்க் களிம்பு தடவிக்கொண்டே நாளைக் கடத்துவது உயிருக்கே விலையாகலாம். ஆஸ்துமாவுக்கு ஸ்டீராய்டு இன்ஹேலர் எடுப்பவர்கள் ஒவ்வொரு முறையும் வாயைக் கொப்பளித்துத் துப்ப வேண்டும், பல்செட் அணிபவர்கள் இரவில் அதைக் கழற்றிச் சுத்தம் செய்து வைக்க வேண்டும். இந்தக் காரணங்கள் எதுவும் இல்லாத நடுவயதினருக்கு வாயில் படலமும் விழுங்கும்போது நெஞ்சில் வலியும் சேர்ந்து வந்தால், உணவுக்குழாய் வரை தொற்று இறங்கியிருக்கலாம். அப்போது சர்க்கரையோடு எச்ஐவி பரிசோதனையும் செய்துகொள்வது அவசியம்.

மறுபடி மறுபடி வரும்போது

ஓராண்டில் மூன்று முறையோ அதற்கு மேலோ பிறப்புறுப்பில் தொற்று வந்தால், ஒவ்வொரு முறையும் ஒற்றை மாத்திரை போட்டுக் கடப்பது பயன் தராது. மருத்துவர்கள் பொதுவாக முதல் வாரத்தில் மூன்று முறையும், பிறகு வாரம் ஒரு முறை என ஆறு மாதங்களும் ஃப்ளூகோனசோல் தருகிறார்கள். அரிப்பு நின்ற இரண்டாம் வாரத்திலேயே நிறுத்துபவர்களுக்கு அது எளிதில் திரும்ப வருகிறது. கணவரிடமிருந்து தொற்றியதாகச் சந்தேகித்துக் குடும்பத்தில் மனக்கசப்பு வளர்வதும் தேவையற்றது. இது பாலுறவால் பரவும் நோய்களில் சேர்க்கப்படுவதில்லை, அறிகுறி இல்லாத துணைவருக்குச் சிகிச்சையும் வழக்கமாகத் தேவைப்படுவதில்லை. சொன்னபடி மருந்து எடுத்தும் குணமாகவில்லையென்றால், ஃப்ளூகோனசோலுக்கு எளிதில் மசியாத கிளாப்ராட்டா போன்ற வேறு கேண்டிடா வகையாக இருக்கலாம். அதைக் கண்டறிய கசிவை வளர்த்துப் பார்க்கும் பரிசோதனை தேவை. மருந்து உள்ளே சென்ற பிறகு எடுக்கும் மாதிரியில் ஈஸ்ட் வளராமல் போகக்கூடும் என்பதால், அடுத்த மாத்திரையைப் போடும் முன்பே மாதிரி எடுக்கச் சொல்லிக் கேட்டுக்கொள்ள வேண்டும்.