சொந்தமாக மொழி உருவாக்குகிறீர்களா? அழகைக் கெடுக்கும் சில தவறுகள்

தனக்கென்று ஒரு மொழியை உருவாக்கிப் பார்க்கும் ஆர்வம், அதாவது கான்லாங் ஆர்வம், தமிழர்களிடமும் இப்போது தென்படுகிறது. சிலர் தங்கள் வேலையைக் காட்டிக் கருத்துக் கேட்கிறார்கள். நான் தொடங்கிய காலத்தில் தடுக்கிய இடங்களிலேயே அவர்களும் தடுக்குகிறார்கள். ஆங்கில இலக்கணத்தை அப்படியே நகலெடுப்பது போன்றவை தானாகவே பிடிபட்டுவிடும் என்பதால் விட்டுவிடுகிறேன். மொழி காதில் எப்படி விழ வேண்டும் என்பதுதான் இங்கே பேச்சு.

பிடித்த ஒலிகளையெல்லாம் சேர்ப்பது

ழகரம் பிடிக்கும், பிரெஞ்சு மூக்கொலி பிடிக்கும், அரபியின் தொண்டையொலியும் பிடிக்கும். எல்லாவற்றையும் சேர்த்தால் மொழிக்கு முகமே இருக்காது. எந்த ஒலி இல்லை என்பதும் ஒரு மொழியின் சாயல்தான். சோன்யா லாங் 2001இல் வெளியிட்ட டோக்கி போனா என்ற உருவாக்கப்பட்ட மொழியில் மெய் 9, உயிர் 5. அசையின் முடிவில் வர ‘ன்’ என்ற ஒரு மெய்க்குத்தான் அனுமதி. இரண்டு வரி கேட்டாலே அடையாளம் தெரிந்துவிடும்.

வேர்ச்சொல்லை இழைத்துவிட்டு விகுதியை மறப்பது

இதைப் பார்த்தால் எனக்கு இன்றும் எரிச்சல் வரும். அண்மையில் ஒரு தம்பி ஆயிரத்துக்கும் மேற்பட்ட சொற்களைப் பட்டியல் போட்டுக் கொண்டுவந்தார். மலைக்கு ‘லினோவே’, ஆற்றுக்கு ‘ஏலுமி’. ஒவ்வொன்றும் கேட்க இனிமை. “ஒரு வாக்கியம் சொல்லுங்க தம்பி” என்றேன். “சொற்கள் முடியட்டும் அண்ணா, அப்புறம் வாக்கியம்” என்றார். பன்மைக்கு ‘க்த்’, இடப்பொருளுக்கு ‘ட்ர’ என்று ஏதோ ஒரு நாள் அவசரத்தில் குறித்து வைத்திருந்தார். ‘மலைகளில்’ என்று சொல்லிப் பார்த்தோம்: லினோவேக்த்ட்ர. வாயில் நுழையவில்லை.

பேச்சில் திரும்பத் திரும்பக் காதில் விழுவது விகுதிகளும் உருபுகளும் ‘நான்’, ‘இல்லை’ போன்ற சின்னச் சொற்களும்தான். ஏதாவது ஒரு தமிழ்ப் பக்கத்தை எடுத்து ‘கள்’, ‘உம்’, ‘இல்’ எத்தனை முறை வருகிறது என்று பாருங்கள். ஆறு என்ற சொல் பக்கத்துக்கு ஒருமுறை வந்தால் பெரிது.

‘லார்ட் ஆஃப் த ரிங்ஸ்’ எழுதிய டோல்கீன் இதில் கெட்டிக்காரர். ஃபின்னிஷ் மொழியின் ஓசையில் மயங்கித்தான் அவர் குவென்யா என்ற தன் கற்பனை மொழியை வடித்தார். அந்த மயக்கம் அவருடைய வேற்றுமை உருபுகளிலும் தெரிகிறது. ‘கிர்யா’ என்றால் கப்பல். கப்பலை நோக்கி, கிர்யன்னா. கப்பலிலிருந்து, கிர்யல்லோ. கப்பலில், கிர்யஸ்ஸே. இரட்டித்த மெய், பிறகு ஓர் உயிர். எந்தப் பெயரோடு சேர்ந்தாலும் இந்த உருபுகள் குவென்யாவின் இசையைக் கூடவே கொண்டுவரும்.

புணர்ச்சி விதி போட்டுச் சரிசெய்துவிடலாமே என்பார்கள். செய்யலாம். ஆனால் ஒட்டுக்கு மேல் ஒட்டுப் போட்டபின், ஆசையாக வைத்த வேர்ச்சொல்லே அடையாளம் தெரியாமல் போகும். விகுதியை மாற்றினாலோ அதுவரை எழுதிய கதை, கவிதை, ஊர்ப்பெயர் எல்லாவற்றையும் மறுபடி எழுத வேண்டும். அந்தத் தம்பிக்கு மாதக்கணக்கான உழைப்பு வீணானது.

ஆகவே கையில் முப்பது சொல் சேரும் முன்பே பன்மை, காலம், வேற்றுமை இவற்றை முடிவு செய்யுங்கள். ஒரு தாலாட்டோ சின்னக் கதையோ பத்து வரி எழுதி, போனில் பதிந்து மறுநாள் கேளுங்கள். சரியில்லை என்றால் அப்போது மாற்றுவது எளிது.

எழுத்துவடிவத்தில் தொடங்குவது

மொழி முதலில். எழுத்து அப்புறம்.

ரோமன் எழுத்தில் சொல்லுக்கு நடுவே மேற்குறி (அபாஸ்ட்ரஃபி)

ஒலிப்பில் அதற்கு வேலை இல்லை என்றால் எடுத்துவிடுங்கள்.

அழகு என்றால் மென்மை என்று நினைப்பது

1984இல் வந்த ஸ்டார் டிரெக் படத்துக்காக மார்க் ஓக்ராண்ட் உருவாக்கிய கிளிங்கான் மொழியில், தனித்தனியே பார்த்தால் மனித மொழிகளில் உள்ள ஒலிகளே இருக்கின்றன. ஒரே மொழியில் சேர்ந்து வராதவற்றைச் சேர்த்ததால் அந்நியமாக ஒலிக்கிறது. செயப்படுபொருள், வினை, எழுவாய் என்ற சொல்வரிசையும் அதற்குத் துணை. பாகுபலிக்காக மதன் கார்க்கி அமைத்த கிளிக்கி மொழியிலும் நாக்கைச் சொடுக்கும் ஒலிகள் வருவது, அதைப் பேசும் காலகேயர்கள் மிரட்ட வேண்டும் என்பதற்காகத்தான். பேசுபவர் யார், கேட்பவருக்கு என்ன தோன்ற வேண்டும் என்பதை முதலில் தீர்மானியுங்கள். முரட்டு ஓசைதான் வேண்டும் என்றால் விகுதிகளிலும் வல்லினத்தையே வையுங்கள்.