எலக்ட்ரான் கன், அயன் சோர்ஸ்: வடிவமைப்பில் சறுக்கும் இடங்கள்

வெற்றிடத்தில் எலக்ட்ரான் கற்றையை உண்டாக்கும் கருவி எலக்ட்ரான் கன். வாயுவை அயனிகளாக்கி அவற்றைக் கற்றையாக இழுப்பது அயன் சோர்ஸ். ஆர்கான் அயன் சோர்ஸ் செய்ய இறங்குபவர்கள் சிலர், பழைய எலக்ட்ரான் கன் ஒன்றின் வரைபடத்தோடு வருவார்கள். பிளஸ்ஸையும் மைனஸையும் மாற்றிப் போட்டு, உள்ளே வாயுவை விட்டால் அயனி வந்துவிடும் என்பது அவர்கள் கணக்கு. வரும். எலக்ட்ரான் வந்த அளவில் நூற்றில் ஒரு பங்குகூட வராது.

காரணம் எடை. இரண்டு தட்டுகளுக்கு நடுவே 1 மி.மீ. இடைவெளியும் 1,000 வோல்ட்டும் இருந்தால், சைல்ட்-லாங்மியர் விதிப்படி (கற்றையின் சொந்த மின்னூட்டம் மின்னோட்டத்துக்கு வைக்கும் வரம்பைச் சொல்வது) ஒரு சதுர செ.மீ. பரப்பிலிருந்து அதிகபட்சம் 7.4 ஆம்பியர் எலக்ட்ரான் மின்னோட்டம் எடுக்கலாம். அதே தட்டுகளுக்கு நடுவே ஆர்கான் அயனி ஓடினால் உச்சவரம்பு 27 மில்லிஆம்பியர்தான். ஆர்கான் அயனி எலக்ட்ரானைவிட ஏறக்குறைய 73,000 மடங்கு கனம். மெதுவாக நகர்வதால் இடைவெளியில் அதிக நேரம் தங்குகிறது. பின்னால் வரும் அயனிகளைத் தன் மின்னூட்டத்தாலேயே மறிக்கிறது. சரி, அயனிகள் வெளியேறும் துளையைப் பெரிதாக்கிவிடலாமே என்று தோன்றும். துளை பெரிதானால் இடைவெளியையும் அதற்கேற்பப் பெரிதாக்க வேண்டும், இல்லாவிட்டால் கற்றை சிதறும். பரப்பில் கிடைத்த லாபம் இடைவெளியில் போய்விடும். ஹரால்ட் காஃப்மன் 1960 வாக்கில் நாசாவில் உருவாக்கிய சோர்ஸிலும் அதன் வழிவந்தவற்றிலும் கிரிட்டுகள் (அயனிகளை இழுக்கும் துளையிட்ட தட்டுகள்) சல்லடை போல இருப்பது இதனால்தான். மின்னோட்டம் வேண்டுமென்றால் துளைகளின் எண்ணிக்கையைக் கூட்டுவதே வழி.

இதைவிட ஆழமான வேறுபாடு ஒன்று இருக்கிறது. எலக்ட்ரான் கன்னில் எலக்ட்ரானை உமிழும் கேதோடு ஒரு திடப்பொருள். அதன் முகம் எங்கே இருக்கிறது என்பது வரைபடத்திலேயே தெரியும். பெல் ஆய்வகத்தில் ஜே. ஆர். பியர்ஸ் 1940-இல் காட்டியபடி, கற்றையின் ஓரத்தோடு 67.5 டிகிரி கோணத்தில் மின்முனையைச் சாய்த்து வைத்தால் கற்றை விரியாமல் போகும். அயன் சோர்ஸில் அப்படி நிலையான முகம் கிடையாது. அயனிகளை உமிழ்வது பிளாஸ்மாவின் (அயனிகளும் எலக்ட்ரான்களும் கலந்த வாயுவின்) விளிம்பு. பிளாஸ்மா அடர்த்தி கூடினால் அது துளை வழியே வெளியே உப்பும். இழுக்கும் மின்னழுத்தம் கூடினால் உள்ளே குழியும். உப்பினால் கற்றை விரிந்து அடுத்த கிரிட்டில் மோதும். அளவுக்கு மீறிக் குழிந்தால் கற்றை குறுக்கே வெட்டிக்கொண்டு மறுபக்கம் மோதும்.

ஆகவே, மின்னோட்டம் போதவில்லை என்று டிஸ்சார்ஜ் பவரை (பிளாஸ்மாவை உண்டாக்கும் மின்சக்தியை) மட்டும் ஏற்றுவது வீண் வேலை. மீட்டரில் எண் கூடும். ஆனால் அதில் பெரும்பகுதி கிரிட்டில் விழுந்து, மாலிப்டினம் கிரிட்டைச் செதுக்கி, உங்கள் சாம்பிளின் மேல் மாலிப்டினமாகப் படியும். இழுக்கும் மின்னழுத்தத்தை இரட்டிப்பாக்கினால் ஏறத்தாழ 2.8 மடங்கு மின்னோட்டத்தைத் தாங்கும். அந்த விகிதத்தில் இரண்டையும் சேர்த்தே நகர்த்த வேண்டும். ஒரே ஒரு மின்னழுத்தத்துக்காக வடிவமைத்த கிரிட்டை வேறொரு மின்னழுத்தத்தில் ஓட்டிவிட்டு "சோர்ஸ் சரியில்லை" என்பது நியாயமில்லை.

குளிரில் வரைந்து சூட்டில் ஓட்டுவது

கேதோடாக வைக்கும் டங்ஸ்டன் ஃபிலமென்ட் (சூடேற்றும் கம்பி) 2,700 கெல்வினில் ஒரு சதுர செ.மீ.க்கு 1.75 ஆம்பியர் அளவுக்கு உமிழும். அந்த இடத்தில் வெப்பநிலை 1 சதவீதம் கூடினால், அதாவது 27 டிகிரி ஏறினால், உமிழ்வு 20 சதவீதத்துக்கு மேல் கூடும். உமிழ்வை ஃபிலமென்ட் சூட்டைக் கொண்டே கட்டுப்படுத்துவேன் என்று தீர்மானிப்பவர், இந்த 20 மடங்கு பெருக்கத்தைத் தன் பவர் சப்ளையில் சமாளிக்க வேண்டும். மின்னோட்டத்தை இடைவெளியே வரம்பிடும்படி அமைத்துவிட்டால் சூட்டின் ஏற்ற இறக்கம் கற்றையில் அவ்வளவாகத் தெரியாது. "அப்படியானால் இன்னும் கொஞ்சம் சூடாகவே ஓட்டுவோம்" என்று ஒரு ஆசை வரும். அதையும் அடக்க வேண்டும். சூடு ஏறும்போது உமிழ்வைவிட வேகமாகக் கூடுவது டங்ஸ்டன் ஆவியாவதுதான். தேவைக்கு மேல் ஏற்றும் ஒவ்வொரு டிகிரியும் ஃபிலமென்ட்டின் ஆயுளிலிருந்து கழிகிறது.

சூடு அளவுகளையும் மாற்றும். கேதோடைத் தாங்கும் 30 மி.மீ. மாலிப்டினம் தண்டு சராசரியாக 1,000 டிகிரி சூடேறினால் சுமார் 0.16 மி.மீ. நீளும். கேதோடுக்கும் அதைச் சூழ்ந்து கற்றையைக் கட்டுப்படுத்தும் வேனெல்ட் கிண்ணத்துக்கும் நடுவே 0.5 மி.மீ. இடைவெளியை அறை வெப்பநிலையில் ஃபீலர் கேஜ் வைத்து அழகாகச் சரிசெய்திருப்பீர்கள். கன் எரியும்போது அது 0.34 ஆகியிருக்கும். வரைபடத்தில் இரண்டு அளவுகளையும் எழுதுங்கள்: குளிரில் எவ்வளவு, ஓடும்போது எவ்வளவு. கணினி மாதிரியில் கொடுக்க வேண்டியது இரண்டாவது அளவை. மாதிரி என்றதும் ஒன்று: கற்றையின் சொந்த மின்னூட்டத்தைக் கணக்கில் எடுக்காமல் வெறும் பாதைகளை மட்டும் வரைந்த படம், சில மைக்ரோஆம்பியர் கற்றைக்கு உண்மை சொல்லும், சில மில்லிஆம்பியருக்குப் பொய் சொல்லும். படம் அழகாக இருக்கிறது என்பதற்காக நம்பிவிடக் கூடாது.

லாந்தனம் ஹெக்சாபோரைடு கேதோடுக்கு மாறுபவர்கள் இன்னொன்றில் மாட்டுவார்கள். 1,800 கெல்வினிலேயே டங்ஸ்டனைவிட அதிகம் உமிழும் என்பதால் ஆர்வமாக வாங்கி, டாண்டலம் பிடியில் மாட்டிவிடுவார்கள். சூட்டில் போரான் டாண்டலத்துக்குள் ஊடுருவும். பிடி நொறுங்கும், படிகமும் கெடும். ரீனியம் அல்லது கிராஃபைட் பிடி வைப்பது இதைத் தவிர்க்கத்தான். விலை கூடுதல்தான், ஆனால் இந்தச் செலவில் கை வைக்கக் கூடாது.

வெற்றிட மானி இருக்கும் இடம்

லாந்தனம் ஹெக்சாபோரைடு கேதோடுக்கு 10⁻⁷ டார் (அழுத்த அலகு) அளவிலாவது வெற்றிடம் வேண்டும். மானி 10⁻⁷ காட்டுகிறது, ஆனாலும் உமிழ்வு நாளுக்கு நாள் விழுகிறது என்றால், மானி எங்கே பொருத்தியிருக்கிறது என்று பாருங்கள். பெரும்பாலும் பம்ப் பக்கத்தில் இருக்கும். கேதோடு உட்கார்ந்திருப்பதோ வேனெல்ட் கிண்ணத்துக்குள். சுற்றியுள்ள எல்லாம் சூடாகி வாயுவைக் கக்கும் இடம். அதற்கும் பம்புக்கும் நடுவே ஆனோடின் 1 மி.மீ. துளை மட்டுமே வழியென்றால், அந்தத் துளை அறை வெப்பநிலைக் காற்றை வினாடிக்கு 0.09 லிட்டர்தான் கடத்தும். கீழே வினாடிக்கு 300 லிட்டர் இழுக்கும் டர்போ பம்ப் இருந்தாலும் கேதோடுக்குத் தெரிந்தது 0.09 லிட்டர்தான். கன் பகுதிக்கென்று பக்கவாட்டில் அகலமான வழி வைக்க வேண்டும். முடிந்தால் தனி பம்ப்பே வைக்கலாம்.

பொருட்களில் செய்யும் தவறுகள் எல்லோருக்கும் தெரிந்தவை, இருந்தும் திரும்பத் திரும்ப நடப்பவை. பித்தளைத் துண்டு சூடானால் துத்தநாகம் ஆவியாகி எல்லா இடமும் பூசும். காட்மியம் முலாம் பூசிய ஸ்க்ரூவும் அப்படித்தான். மறுபக்கம் திறக்காத முட்டுத்துளையில் சாதாரண ஸ்க்ரூ போட்டால் அடியில் சிக்கிய காற்று வாரக்கணக்கில் கசியும். நடுவில் துளையிட்ட ஸ்க்ரூ போடுங்கள்.

இன்சுலேட்டரை மட்டும் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். புதிதாக மாட்டிய அன்று அலுமினா வெள்ளையாக இருக்கும், 30 கிலோவோல்ட்டை அலட்சியமாகத் தாங்கும். ஃபிலமென்ட்டிலிருந்து ஆவியான டங்ஸ்டனும் கிரிட்டிலிருந்து செதுக்கப்பட்ட உலோகமும் அதன்மேல் மெல்லப் படிந்து, நாளடைவில் சாம்பல் நிறமாகி, ஒரு நாள் கசிவு மின்னோட்டம் கற்றையைவிடப் பெரிதாகிவிடும். இன்சுலேட்டரின் எந்தப் புள்ளியிலிருந்து பார்த்தாலும் ஃபிலமென்ட்டோ கிரிட்டோ நேராகத் தெரியக் கூடாது. தெரிந்தால் நடுவே ஒரு உலோக மறைப்பு வையுங்கள், அல்லது இன்சுலேட்டரில் ஆழமான பள்ளம் வெட்டி அதன் உட்புறத்தை நிழலில் வையுங்கள்.

அயன் சோர்ஸில் வாயுக் குழாயும் இப்படிப்பட்ட ஒரு மறைவான இடம். சோர்ஸ் 20 கிலோவோல்ட்டில் மிதக்கிறது, சிலிண்டர் தரையில் இருக்கிறது, நடுவே ஒரு இன்சுலேட்டிங் குழாய். குழாயின் ஒரு முனையில் வளிமண்டல அழுத்தம், மறுமுனையில் ஏறக்குறைய வெற்றிடம். அப்படியென்றால் நடுவில் எங்கோ, வாயு மிக எளிதில் மின்னோட்டத்துக்கு இடம் கொடுக்கும் அழுத்தம் வந்தே தீரும். காற்றுக்குச் சாதகமான அழுத்தமும் தூரமும் சேர்ந்தால் 330 வோல்ட்டே போதும் என்கிறது பாஷன் விதி. குழாய்க்குள் ஊதா ஒளி ஓடுவது இப்படித்தான். வாயுவைக் குறைக்கும் ஊசி வால்வை சோர்ஸ் பக்கம் வைத்து, குழாய் முழுவதும் உயர் அழுத்தத்திலேயே இருக்கும்படி செய்தால் இந்தத் தொல்லை போகும். வால்வின் கைப்பிடியும் அப்போது 20 கிலோவோல்ட்டில் இருக்கும். நீளமான இன்சுலேட்டிங் தண்டு வைத்துத்தான் திருப்ப வேண்டும்.

குறைந்த ஆற்றல் எலக்ட்ரான் வேலைக்கு வருபவர்கள் காந்தத்தை மறந்துவிடுகிறார்கள். 100 எலக்ட்ரான்வோல்ட் கற்றை 30 செ.மீ. போவதற்குள் 0.4 காஸ் (காந்தப்புல அலகு) அளவுள்ள பூமிக் காந்தமே அதை 5 செ.மீ.க்கு மேல் வளைத்துவிடும். ஃபிலமென்ட்டில் ஓடும் 10 ஆம்பியர், 5 மி.மீ. தூரத்தில் 4 காஸ் உண்டாக்குகிறது. அதனால் போகும் கம்பியும் வரும் கம்பியும் ஒட்டியே ஓட வேண்டும். 304 ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் காந்தம் ஏற்காது என்று படித்திருப்போம். வளைத்த, உருட்டி மரையிட்ட 304 ஸ்க்ரூ ஏற்கும். வாங்கியதும் ஒரு காந்தத்தைக் காட்டிப் பாருங்கள்.

எக்ஸ்-ரே பற்றி நீட்ட வேண்டியதில்லை. 30 கிலோவோல்ட்டில் சேம்பரின் ஸ்டீல் சுவர் பெரும்பாலும் காப்பாற்றும்; சாதாரணக் கண்ணாடி ஜன்னலும் செராமிக் இன்சுலேட்டரும் அந்த அளவுக்குக் காப்பாற்றாது. அயன் சோர்ஸிலும் பின்னோக்கி ஓடும் எலக்ட்ரான்கள் சோர்ஸின் உட்புறத்தில் மோதி எக்ஸ்-ரே உண்டாக்கும் என்பதைத்தான் பலர் யோசிப்பதில்லை.

அந்தப் பின்னோடும் எலக்ட்ரான்களே அளவீட்டையும் ஏமாற்றுகின்றன. ஒரு அயனி வெளியே போவதும் ஒரு எலக்ட்ரான் உள்ளே வருவதும் பவர் சப்ளை மீட்டருக்கு ஒன்றுதான். இழுக்கும் மின்முனைக்கு மைனஸ் மின்னழுத்தம் கொடுத்து அவற்றைத் தடுக்காவிட்டால், 10 மில்லிஆம்பியர் என்று எழுதி வைத்ததில் பாதி கற்றையாகவே இருக்காது. ஃபாரடே கப் (கற்றையைப் பிடித்து மின்னோட்டத்தை அளக்கும் கிண்ணம்) வைத்து அளந்தாலும் கவனம் வேண்டும்: கப்பில் மோதும் அயனி இரண்டாம் நிலை எலக்ட்ரான்களைத் தெறிக்கவிடும், அவை வெளியேறினால் அயனி மின்னோட்டம் உள்ளதைவிடக் கூடுதலாகத் தெரியும். எலக்ட்ரான் கற்றையில் இதே தவறு குறைவாகக் காட்டும். கப்பின் வாயில் மைனஸ் 100 வோல்ட் வளையம் ஒன்று வைத்து, கப்பை ஆழமாகவும் செய்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். அதற்குப் பிறகும் டோஸ் (சாம்பிளில் விழுந்த அயனிகளின் அளவு) கணக்கு இடித்தால் சேம்பர் அழுத்தத்தைப் பாருங்கள். 10⁻⁴ மில்லிபாரில் 30 செ.மீ. பயணிக்கும் 1 கிலோ எலக்ட்ரான்வோல்ட் ஆர்கான் கற்றையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல், வழியில் நிற்கும் ஆர்கான் அணுவிடமிருந்து எலக்ட்ரானைப் பறித்துக்கொண்டு நடுநிலை அணுவாகிவிடும். வேகம் அதேதான், சாம்பிளைச் செதுக்குவதும் அதேதான். ஆனால் ஃபாரடே கப்பின் கணக்கில் அது வராது.