பிரதேச சபைக்குப் புதிய உறுப்பினரா? மாரிக்கு முந்திச் செய்யவேண்டியவை

வட்டாரத்தில் சனம் முதலில் கேட்பது ஒன்றுதான்: "எங்கட ரோட்டை எப்ப போடுறியள்?" பதில் சொல்லுமுன் அந்த ரோட்டு யாருடையது என்று பாருங்கள். ஏ, பி தர வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபையிடம். சி, டி தரம் மாகாண வீதி அபிவிருத்தித் திணைக்களத்திடம். குளக்கட்டு வழியே போகும் பாதை என்றால், 200 ஏக்கர் வரை பாயும் சின்னக் குளத்துக்குக் கமநலத் திணைக்களம், இரணைமடு போன்ற பெரிய குளத்துக்கு நீர்ப்பாசனத் திணைக்களம். நெடுங்கேணி, ஒட்டுசுட்டான் பக்கம் காட்டோரப் பாதையானால் வனத் திணைக்களத்தின் எல்லைக் கல்லையும் தேடிப் பாருங்கள். மீதிதான் சபைக்கு. சபையின் வீதிப் பட்டியலில் இல்லாத ஒழுங்கைக்குப் பணம் ஒதுக்கினால் பிறகு கணக்காய்வில் கேள்வி வரும். காணி, வீட்டுத்திட்டம், அஸ்வெசும உதவிப்பணம் பற்றி வருபவர்களைப் பிரதேச செயலகத்துக்கு அனுப்புங்கள். பெயர் ஒத்திருப்பதால் பாதிச் சனம் இரண்டையும் ஒன்றென்றே நினைக்கிறது. "பாக்கிறன்" என்று சொல்லி வாங்கி வைத்த கடிதம் உங்கள் மேசையிலேயே கிடந்து பழசாகும்.

சபையின் கணக்காண்டு ஜனவரியில் தொடங்குகிறது. வரவு செலவுத் திட்டம் அதற்கு முன் நிறைவேறவேண்டும். அதனால் வட்டாரத் தேவைகளை ஓகஸ்ட், செப்டெம்பரிலேயே எழுத்தில் கொடுத்துவிடுங்கள். கார்த்திகையில் எழும்பிப் பேசுவதில் பயன் குறைவு, பங்கு பிரித்து முடிந்திருக்கும். பிரேரணையை "உள்வீதிகளைத் திருத்தவேண்டும்" என்று எழுதினால் ஏகமனதாக நிறைவேறும், அதோடு சரி. "பள்ளிக்கூடச் சந்தியிலிருந்து குளக்கட்டு வரை 340 மீற்றர், அகலம் 10 அடி, இரண்டு இடத்தில் மதகு தேவை" என்று எழுதினால் தொழில்நுட்ப உத்தியோகத்தர் மதிப்பீடு போடலாம். மதிப்பீடு இருந்தால்தான் செலவுத் தலைப்பில் ஏறும்.

முன்னுரிமை என்று கேட்டால் வடிகால் முதலில், கிரவல் பிறகு, விளக்கு அதற்கும் பிறகு. சனம் இதைத் தலைகீழாகக் கேட்கும், விளக்குத்தானே கண்ணுக்குத் தெரிகிறது. ஆனால் வன்னியில் ரோட்டைக் கெடுப்பது வாகனத்தைவிடத் தண்ணீர்தான். ஐப்பசியில் மழை இறங்கினால் மார்கழி முடியும்வரை நிலம் காயாது. முருங்கன் பக்கத்துக் களிமண்ணில் தண்ணீர் தேங்கினால் மண் ஊதிப் பிறகு வெடிக்கும், மேலே என்ன போட்டாலும் நிற்காது. வயலோர ரோட்டில் இன்னொரு தொல்லை. ஆண்டுக்கு ஆண்டு வரம்பு அரையடி அரையடியாக ரோட்டுப் பக்கம் நகர்ந்து வாய்க்காலை விழுங்கிவிடும். அதை அளந்து திறக்கவேண்டியது விதைப்புக்கு முன்னர். நெல் முளைத்த பிறகு போனால் சண்டைதான்.

ரோட்டுக்குக் கீழே தண்ணீர் போகும் மதகுக்கு ஒன்றரை அடிக் குழாய் மலிவு. ஆனால் இலை குழை அடைத்தால் உள்ளே கைவிட்டு எடுக்கமுடியாது. 2 அடிக்குக் குறையாமல் கேளுங்கள். குழாயின் அடி, வாய்க்காலின் அடியோடு ஒரே மட்டத்தில் இருக்கவேண்டும். உயர வைத்தால் இந்தப் பக்கம் குளமாகும். மேலே மண் போதாமல் புதைத்தால் காலபோக அறுவடைக்கு வரும் வெட்டு மெசின் ஒரே ஓட்டத்தில் உடைத்துவிடும். இரு முனையிலும் சுவர் கட்டாவிட்டால் தண்ணீர் குழாய்க்குள் போகாமல் அதன் ஓரத்தை அரித்துக்கொண்டு போகும்.

கிரவல் கணக்கை நீங்களே போடப் பழகுங்கள். 10 அடி அகலம், 100 மீற்றர் நீளம், உருளை ஓடியபின் 6 அங்குலக் கனம் என்றால் 1,640 கன அடி. இறுகும்போது ஐந்தில் ஒரு பங்கு குறையும் என்று பார்த்தால் கொட்டவேண்டியது ஏறத்தாழ 20 கியூப் (ஒரு கியூப் 100 கன அடி). டிப்பரில் 3 கியூப் என்று சொன்னால் பெட்டியின் உள்நீளம், அகலம், உயரத்தை அடியில் பெருக்கி 100 ஆல் வகுத்துப் பாருங்கள். வேலை முடிந்ததும் நாலு இடத்தில் சிறிய குழி தோண்டிக் கனத்தை அளப்பது மரியாதைக் குறைவல்ல. ரோட்டுக்குக் குறுக்கே கயிறு பிடித்தால் நடு, ஓரத்தைவிட இரண்டரை அங்குலமாவது உயர்ந்திருக்கவேண்டும். தட்டையாக இருந்தால் முதல் மழையிலேயே பள்ளம் விழும். ஓகஸ்ட் வெயிலில் பவுசரால் தண்ணீர் தெளிக்காமல் உருளை ஓட்டினால் கிரவல் இறுகாது, புழுதியாகப் பறக்கும். கிரவல் எடுத்த இடத்துக்கு அனுமதிப்பத்திரம் இருக்கிறதா என்றும் கேளுங்கள்.

விளக்கு முறைப்பாட்டைக் கம்ப இலக்கத்தோடு வாங்குங்கள், "ஆலமரத்தடி லைற்" என்றால் திருத்த வருபவர் இரண்டு தரம் அலைவார். பகலிலும் எரிகிறதென்றால் பெரும்பாலும் ஒளி உணரிதான் பழுது. குமிழை மாற்றி வேலையில்லை.

ஒப்பந்தம் எதிலும் உங்களுக்குப் பங்கு இருக்கக்கூடாது, வீட்டார் பெயரிலும் வேண்டாம்.

முதல் மழை கொட்டும் அன்று வீட்டில் இருக்காதீர்கள். மழை விடுமுன்னரே ஒரு மண்வெட்டியும் போனும் எடுத்துக்கொண்டு வட்டாரத்தைச் சுற்றுங்கள். தண்ணீர் எங்கே ரோட்டைத் தாண்டுகிறது, எந்த மதகு அடைத்திருக்கிறது என்பது அந்த ஒரு மணித்தியாலத்தில்தான் தெரியும். படத்தை இடத்தின் பெயரோடு அன்றைக்கே தொழில்நுட்ப உத்தியோகத்தருக்கு அனுப்பிவிடுங்கள். வெயில் வந்தபின் அதே இடத்தைக் காட்டினால் "இங்க தண்ணி நிக்கிறதே இல்லை" என்பார்கள்.